செவிலியர் படிப்பில் அறநெறி: வகுப்பிலும் வார்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவிலியர் மாணவர்களும், அவர்களுடைய பெற்றோரும், பல வருடம் வார்டில் நின்ற சீனியர்களும் அறநெறிப் பாடம் பற்றிக் கேட்கிற கேள்விகள் இவை. பதில்களில் என் கருத்தும் கலந்தே இருக்கும். பரீட்சையில் சரியான பதில் எழுதுகிற பிள்ளை, வார்டில் அதே விஷயம் கண்முன் நடக்கும்போது வாய் திறக்க முடியாமல் நிற்கிறது. இந்தப் படிப்பின் பெரிய பிரச்சினை இதுதான் என்று நினைக்கிறேன். அதனால் பல பதில்கள் அதைச் சுற்றியே வரும்.

நல்ல மனசு இருந்தால் போதாதா? அறநெறிக்கு எதற்குத் தனிப் பாடம்?

போதாது. அதற்கு வரலாற்றில் ஒரு வேதனையான உதாரணம் இருக்கிறது.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ பகுதியில் 1932-ல் அந்த நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் உள்ள 399 கறுப்பின ஆண்கள், ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாத 201 பேர். சிகிச்சை கொடுக்காமல் விட்டால் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதுதான் திட்டம். அவர்களிடம் நோயின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ‘கெட்ட ரத்தம்’ என்று சொல்லி வைத்தார்கள். 1940-களின் நடுவில் பெனிசிலின் வந்து, அந்த நோய்க்கு அதுதான் மருந்து என்று ஆன பிறகும் கொடுக்கவில்லை. 1972-ல் பத்திரிகையில் செய்தி வெளியாகும்வரை 40 வருடம் இது நடந்தது.

அந்த 40 வருடமும் அவர்களோடு இருந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற செவிலியர். அவரும் கறுப்பினப் பெண். நோயாளிகளைத் தன் காரில் அழைத்து வருவார், வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பார், குடும்பத்தில் ஒருவர்போலப் பழகுவார். அவரை நம்பித்தான் அந்த ஆண்கள் வந்தார்கள். அவருடைய மனசில் ஈரம் இல்லை என்று சொல்லவே முடியாது. ஆனால் அந்த நல்ல மனசுதான் ஆய்வு உடையாமல் ஓடக் காரணமாகவும் இருந்தது. அந்தக் காலத்து அமெரிக்கத் தென்மாநிலத்தில் ஒரு கறுப்பினச் செவிலியர் வெள்ளைக்கார டாக்டர்களை எதிர்த்து எவ்வளவு பேசியிருக்க முடியும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அன்பு இருந்தும் ‘இவர்களுக்கு ஏன் மருந்து கொடுக்கவில்லை?’ என்ற கேள்வி எழாமல் போகலாம், எழுந்தாலும் கேட்க இடம் இல்லாமல் போகலாம். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குவதற்குத்தான் பாடம்.

நம் பாடத்திட்டத்தில் இது எங்கே வருகிறது?

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் திருத்திய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் நான்காவது செமஸ்டரில், ஒரு கிரெடிட், 20 மணி நேரம். தொழில்முறை நடத்தை, தொழில் விழுமியங்கள், உயிரியல் அறநெறி மூன்றும் அதற்குள் வந்துவிட வேண்டும்.

தனிப் பாடமாக வந்தது நல்லது. ஆனால் பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே வார்டுக்குப் போய்விடுகிறார்கள். நான்காவது செமஸ்டர் வருவதற்குள், ‘இங்கே இப்படித்தான்’ என்பதை சீனியர்களைப் பார்த்தே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பாடத்தின் பாதியையாவது முதல் வருட கிளினிக்கல் போஸ்டிங்கோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

விளக்கேற்றும் விழாவில் சொல்கிற உறுதிமொழி நைட்டிங்கேல் அம்மையார் எழுதியதா?

இல்லை. அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். 1893-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், ஹார்ப்பர் மருத்துவமனையின் ஃபேரண்ட் பயிற்சிப் பள்ளியில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையில் எழுதப்பட்டது. டாக்டரின் பணிக்கு விசுவாசத்தோடு துணை நிற்பேன் என்ற வரி அதில் உண்டு.

அந்த வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். உலகச் செவிலியர் அமைப்பான ஐ.சி.என். தன் முதல் அறநெறிக் கோட்பாட்டை 1953-ல் ஏற்றுக்கொண்டபோதும் டாக்டரின் ஆணைகளை அறிவோடும் விசுவாசத்தோடும் நிறைவேற்றுவது செவிலியரின் கடமை என்றே இருந்தது. அறநெறிக்குப் புறம்பானதில் பங்கெடுக்க மறுக்க வேண்டும் என்பதும் கூடவே இருந்தது. 1973-ல்தான் பெரிய மாற்றம் வந்தது: செவிலியரின் முதல் பொறுப்பு, பராமரிப்பு தேவைப்படும் மக்களுக்கே என்று எழுதினார்கள். இன்றும் அதுதான் அடிப்படை. உறுதிமொழியை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்களுக்கு, 1893-க்கும் 1973-க்கும் நடுவில் நடந்த இந்த மாற்றத்தையும் சொல்லியே ஆக வேண்டும். விசுவாசம் யாருக்கு என்ற கேள்விக்கு நம் தொழில் தன் பதிலை மாற்றிக்கொள்ள அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

டாக்டர் சொன்ன ஆர்டர் தப்பு என்று தோன்றினால் என்ன செய்வது? ஜூனியர் நர்ஸ் கேள்வி கேட்க முடியுமா?

முடியும், கேட்கத்தான் வேண்டும். ஏன் கேட்க முடியாமல் போகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1966-ல் சார்லஸ் ஹாஃப்லிங் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் அமெரிக்க மருத்துவமனைகளில் ஒரு சோதனை செய்தார்கள். நைட் டியூட்டி நர்ஸுக்கு, அவர் முன்பின் அறியாத ஒரு டாக்டர் ஃபோன் செய்வார். ‘ஆஸ்ட்ரோடென்’ என்ற மருந்தை 20 மில்லிகிராம் கொடுங்கள், நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்பார். மருந்து டப்பாவிலோ அதிகபட்சம் 10 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். அப்படி ஒரு மருந்தே கிடையாது. உள்ளே இருந்தது வெறும் சர்க்கரை மாத்திரை. 22 நர்ஸ்களில் 21 பேர் கொடுக்கத் தயாராகிவிட்டார்கள். வழியிலேயே தடுத்து நிறுத்தினார்கள்.

இதன் இன்னொரு பாதியைப் பலரும் சொல்வதில்லை. இதே சூழ்நிலையை விவரித்து, ‘நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். 12 நர்ஸ்களில் 10 பேர் கொடுக்க மாட்டோம் என்றார்கள். 21 மாணவிகளில் ஒருவர்கூடக் கொடுப்பேன் என்று சொல்லவில்லை. பதில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஃபோன் மணி அடித்து, மறுமுனையில் அதட்டலாக ஒரு குரல் கேட்டதும் அந்தப் பதில் காணாமல் போகிறது.

சரி, இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. 1977-ல் ராங்க், ஜேக்கப்சன் என்ற இருவர் இதே சோதனையைச் சின்ன மாற்றத்தோடு செய்தார்கள். நர்ஸ்களுக்கு நன்றாகத் தெரிந்த வாலியம் மருந்து, வழக்கத்தைவிட மூன்று மடங்கு டோஸ். பக்கத்தில் உள்ள சக நர்ஸ்களோடு பேசிக்கொள்ளவும் வாய்ப்பு இருந்தது. இந்த முறை 18 பேரில் 2 பேர்தான் கொடுக்கத் தயாரானார்கள். மருந்தைப் பற்றிய அறிவும், கலந்து பேச ஓர் ஆளும் இருந்தால் துணிச்சல் தானாக வருகிறது என்றே நான் இதைப் படிக்கிறேன். அதனால் மருந்தியல் பாடத்தையும் அறநெறிப் பாடமாகத்தான் பார்க்கிறேன். பொட்டாசியம் குளோரைடைக் (கே.சி.எல்.) கரைக்காமல் நேரடியாக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்று தெரியாத பிள்ளையிடம் ‘துணிந்து பேசு’ என்று சொல்லி என்ன பயன்?

நடைமுறைக்கு வருவோம். ஃபோனில் வரும் ஆர்டரை உடனே எழுதிக்கொண்டு, எழுதியதை அவருக்கே திருப்பிப் படித்துக் காட்டுங்கள். பாதித் தவறுகள் அங்கேயே வெளிப்பட்டுவிடும். சந்தேகம் என்றால் பணிவாக, ஆனால் தெளிவாக: “சார், கே.சி.எல். கரைக்காமல் கொடுப்பதா சார்? நோயாளிக்கு ஆபத்து என்று படுகிறது. ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.” கண்டுகொள்ளவில்லை என்றால் இரண்டாவது முறையும் சொல்லுங்கள். அப்புறம் இன்சார்ஜ் சிஸ்டர், அவருக்கு மேல் டியூட்டி சூப்பரிண்டெண்டெண்ட். நடந்ததை நேரம் குறித்து எழுதி வையுங்கள். இந்த வாக்கியங்களை வகுப்பில் இரண்டு இரண்டு பேராக நின்று சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும். முதலில் கூச்சமாக இருக்கும், நாலைந்து தடவைக்குப் பிறகு வாய்க்கு வந்துவிடும். நீச்சலைக் கரையில் நின்று கற்றுக்கொள்ள முடியாது என்பதுபோலத்தான் இதுவும்.

டி.பி.ஆர். சார்ட்டில் (காய்ச்சல், நாடி, மூச்சு குறிக்கும் அட்டை) பார்க்காமலே எழுதுகிறார்கள். சீனியர்களே அப்படிச் செய்தால் நாங்கள் என்ன செய்வது?

நிறைய மாணவர்கள் முதன்முதலில் சந்திக்கிற அறநெறிச் சோதனை இதுதான். கருணைக்கொலை, உறுப்புதானம் எல்லாம் அப்புறம். வார்டில் 30 பேர், டியூட்டியில் ஒருவர். மூச்சு எண்ணிக்கை எல்லாருக்கும் 20 என்று வரிசையாக எழுதியிருக்கும்.

மூச்சு எண்ணிக்கை கூடுவது, நோயாளியின் நிலை மோசமாகப் போகிறது என்பதற்கு முதலில் வரும் அடையாளங்களில் ஒன்று. ரத்தத்தில் கிருமி பரவும்போது ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே அது ஏறத் தொடங்கலாம். அந்த நேரத்தில் சார்ட்டில் 20 என்று இருந்தால், ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் அதை நம்பி அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். நீங்கள் எண்ணாத ஒரு நிமிடம் அங்கே ஒருவரின் உயிராக இருக்கலாம்.

பார்க்க முடியாமல் போனால் கட்டத்தைக் காலியாக விடுங்கள், ‘எடுக்கவில்லை’ என்று எழுதுங்கள். திட்டு விழும், தெரியும். ஆனால் காலிக் கட்டம் வார்டில் ஆள் போதவில்லை என்ற உண்மையையாவது மேலே சொல்லும். பொய்க் கணக்கு அதையும் மறைத்துவிடும். சீனியரைத் திருத்தும் பொறுப்பு மாணவிக்கு இல்லை. தன் கையால் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் அவளுடைய பொறுப்பு. சீனியரிடம் பேச வேண்டியது டியூட்டர்.

மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டால் சொல்ல வேண்டுமா? சொன்னால் வேலை போய்விடுமே?

சொல்ல வேண்டும், உடனே. மாற்று மருந்து கொடுக்கவோ கண்காணிக்கவோ இருக்கும் நேரம் சில நிமிடங்கள்தான்.

பயம் நியாயமானது என்பதையும் மறைக்க மாட்டேன். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் 2017 டிசம்பரில் ரடோண்டா வாட் என்ற நர்ஸ், பதற்றம் தணிக்கும் மிடாசோலம் மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்க வைக்கும் வெக்குரோனியத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். நோயாளி இறந்துபோனார். தவறு தெரிந்ததும் அவரே ஒப்புக்கொண்டார். எச்சரிக்கைகளைக் கவனிக்காமல் கடந்தது அவருடைய பிழை. மருந்து எடுத்துத்தரும் கணினி அலமாரியில் எச்சரிக்கைகளைத் தாண்டி மருந்து எடுப்பது வழக்கமாகிப்போயிருந்தது என்பது அவர் தரப்பு வாதம். 2022 மார்ச்சில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. மே மாதம் மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை விதிக்கப்பட்டது. உரிமம் அதற்கு முன்பே பறிபோயிருந்தது. இனி யார் தவறை வாய்விட்டுச் சொல்வார்கள் என்று அந்த நாட்டுச் செவிலியர் அமைப்புகள் கவலைப்பட்டன. அந்தக் கவலை எனக்கும் உண்டு.

மறைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரே மாதிரி ஆம்ப்யூல், ஒரே மாதிரி லேபிள், பக்கத்துப் பக்கத்து டப்பா. இன்று நீங்கள் தடுமாறிய இடத்தில் அடுத்த வாரம் இன்னொருவர் தடுமாறுவார். தவறைச் சொன்னவரை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டுகிற வார்டில் அதன் பிறகு எதுவும் வெளியே வராது. இதில் பெரிய பொறுப்பு நிர்வாகத்துக்குத்தான் என்பேன்.

“அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க சிஸ்டர்” என்று மகன் கெஞ்சுகிறார். என்ன செய்வது?

நம் ஊரில் இது தினமும் நடக்கிறது. வெளிநாட்டுப் புத்தகத்தில் ‘நோயாளியின் தன்னுரிமை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மகன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அப்பா இடிந்துபோவார் என்ற பயத்தில் கேட்கிறார். அந்தப் பயத்தை மதியுங்கள்.

நோயின் பெயரை முதன்முதலில் சொல்வது சிகிச்சை தரும் டாக்டரின் வேலை. நீங்கள் செய்யக் கூடாதது ஒன்று இருக்கிறது: பொய் சொல்லக் கூடாது. அப்பா நேராகக் கேட்டால், “உங்களுக்கு என்ன தோணுதுங்கய்யா? எதைத் தெரிஞ்சிக்கணும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். பல பேருக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். வீட்டில் யாரும் பேசாததால் தனியாகச் சுமந்துகொண்டிருப்பார்கள். சிலர் “பையன்கிட்ட சொல்லிடுங்கம்மா, அவன் பாத்துக்குவான்” என்பார்கள். அதுவும் அவர் எடுத்த முடிவுதான், அதை மதிக்க வேண்டும். அவர் கேட்டதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள், மகனிடமும் சொல்லுங்கள். ‘அப்பாவே கேட்கிறார்’ என்று தெரிந்தால் பல மகன்கள் இறங்கி வந்துவிடுகிறார்கள்.

ஆபரேஷனுக்குக் கணவரோ அம்மாவோ கையெழுத்துப் போட்டால் போதும்தானே?

சுயநினைவோடு முடிவெடுக்கக் கூடிய வயதுவந்த பெண்ணுக்குப் போதாது. சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பரிசோதனைக்காக லேப்ராஸ்கோப்பிக்கு (வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதற்கு) மட்டும் சம்மதித்த பெண் மயக்கத்தில் இருக்கும்போது, அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு அவசரம் இல்லாத நிலையில் அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். ஃபாரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிற நர்ஸ், நோயாளிக்குத் தனக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று புரிந்ததா என ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போட வேண்டும்.

எச்.ஐ.வி. நோயாளியின் கட்டிலில் அடையாளம் போடலாமா? பூச்சிமருந்து குடித்து வந்தவரைத் திட்டலாமா?

இரண்டுமே கூடாது. 2017-ன் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. சம்மதம் இல்லாமல் ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளிப்படுத்துவதும் பாகுபாடு காட்டுவதும் அதன்படி தவறு. எல்லா நோயாளியின் ரத்தத்தையும் தொற்று உள்ளதாக நினைத்துத்தான் கையுறை போட வேண்டும். அப்படிச் செய்தால் அடையாளத்துக்குத் தேவையே இல்லை.

பூச்சிமருந்து குடித்து வருகிறவர்கள் விஷயம் எனக்கு இன்னும் வலிக்கிறது. வயிற்றைக் கழுவும்போதே ‘எதுக்குக் குடிச்ச? எங்க உயிரை வாங்கவா வந்த?’ என்று கேட்கிற குரலைப் பல காஷுவாலிட்டிகளில் கேட்கலாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது. சட்டம் காட்டுகிற அந்தக் கரிசனத்தை டியூட்டியில் இருக்கிற நாமும் காட்ட வேண்டாமா? அந்த இரவில் ஒரு நர்ஸ் அவரிடம் பேசுகிற விதம், திரும்பவும் முயல்வாரா என்பதையே மாற்றக்கூடும்.

யூனிஃபார்மில் ரீல்ஸ் எடுக்கலாமா?

நோயாளியோ, கேஸ் ஷீட்டோ, கட்டில் எண்ணோ பின்னணியில் தெரிகிற எதுவும் வேண்டாம். முகத்தை மறைத்தால் போதும் என்பதும் தவறு. சொந்தக்காரர்களுக்குக் கையைப் பார்த்தே அடையாளம் தெரியும்.

குழந்தை பிறந்ததும் சந்தோஷத்தில் பணம் கொடுக்கிறார்களே?

இனிப்பு கொடுத்தால் வார்டோடு பகிர்ந்து சாப்பிடுங்கள். பணம் வாங்காதீர்கள். குழந்தையைக் காட்டுவதற்கே காசு கேட்கிற வழக்கம் சில இடங்களில் வேர்விட்டிருப்பது நம் தொழிலுக்கே அவமானம். கொடுப்பவர் அன்று கடன் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

நிர்வாகமே தவறுக்குத் துணைபோனால் வெளியே புகார் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். டெக்ஸஸின் விங்க்லர் மாவட்டத்தில் 2009-ல் ஆன் மிட்செல், விக்கிலின் கேல் என்ற இரண்டு நர்ஸ்கள், ஒரு டாக்டரின் ஆபத்தான சிகிச்சைகள் பற்றி மாநில மருத்துவ வாரியத்துக்குப் பெயர் போடாமல் கடிதம் எழுதினார்கள். டாக்டரின் நண்பரான ஷெரீஃப் எழுதியவர்களைக் கண்டுபிடித்தார். வேலையும் போனது, கிரிமினல் வழக்கும் வந்தது. கேல் மீதான வழக்கை விசாரணைக்கு முன்பே கைவிட்டார்கள். மிட்செல்லை 2010 பிப்ரவரியில் ஜூரி ஒரு மணி நேரத்துக்குள் விடுவித்தது. பின்னால் அந்த ஷெரீஃபும் டாக்டரும் தண்டனை பெற்றார்கள். நியாயம் கிடைத்தது, ஆனால் அதற்குள் அந்த இருவரும் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆதாரத்தை எழுத்தில் வைத்திருங்கள், முதலில் உள்ளே எழுத்தில் சொல்லுங்கள், சங்கத்தைத் துணைக்கு வையுங்கள்.

சம்பளத்துக்காகப் போராடுவது சேவை மனப்பான்மைக்கு எதிரானது இல்லையா?

இந்தக் கேள்வியைச் செவிலியர்களிடம் மட்டும் கேட்பது ஏன் என்று முதலில் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் தேர்வு எழுதித் தேர்வான ஆயிரக்கணக்கான அரசுச் செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்தபோது ‘தேவதைகள் போராடலாமா’ என்ற தொனியில் பேசியவர்கள் உண்டு.

ஐ.சி.என். கோட்பாடே நியாயமான பணிச்சூழலுக்காகக் குரல் கொடுப்பதைத் தொழிலின் கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. சரி எது என்று தெரிந்தும், ஆள் இல்லாமலும் நேரம் இல்லாமலும் அதைச் செய்ய முடியாமல் போகிறபோது வருகிற வேதனையை 1984-ல் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற அறிஞர் ‘அறநெறித் துயரம்’ என்று அடையாளம் காட்டினார். நல்ல நர்ஸ்கள் தொழிலைவிட்டுப் போக அதுவும் ஒரு காரணம். அவசரச் சிகிச்சைப் பிரிவைக் கைவிடாமல் போராட வேண்டும். அந்த எல்லையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அருணா ஷான்பாக் வழக்கை ஏன் எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள்?

அருணா மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர். 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே வேலை பார்த்த ஒரு வார்டு பாய் அவரைக் கொடூரமாகத் தாக்கினான். மூளை பாதிக்கப்பட்டு, 2015 மே 18-ல் இறக்கும்வரை அதே மருத்துவமனையில் கிடந்தார். அவருடைய உயிரைத் தாங்கிப்பிடிப்பதை நிறுத்தச் சொல்லி ஒரு பத்திரிகையாளர் தொடுத்த வழக்கை 2011 மார்ச் 7-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் சார்பில் பேசும் உரிமை, இத்தனை காலம் பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களுக்கே என்றது. ஆனால் அதே தீர்ப்பில், உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற வழியையும் திறந்தது. 2018-ல் முன்கூட்டியே விருப்பம் எழுதிவைக்கும் உரிமை வந்தது, 2023-ல் அதன் நடைமுறை எளிதாக்கப்பட்டது.

ஒரு தலைமுறை நர்ஸ்கள் ஓய்வுபெற்று அடுத்த தலைமுறை வந்தும் அந்த உடம்பில் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பதைப் பாடத்தில் படிக்கிற மாணவிக்கு அதன் கனம் தெரியும். இப்படி ஒரு வாழ்க்கை கண்ணியமானதா என்று கேட்டவரும் அன்போடுதான் கேட்டார். வகுப்பில் இரண்டு பக்கமும் பேச விடுங்கள், தீர்ப்பை நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். இன்னொன்றும் விட்டுப்போகக் கூடாது: அவர் தாக்கப்பட்டது டியூட்டி முடிந்து உடை மாற்றப் போன இடத்தில். செவிலியரின் பாதுகாப்பும் இந்தப் பாடத்துக்குள் வர வேண்டும்.

விழுமியங்களுக்கு மார்க் போட முடியுமா?

எழுத்துத் தேர்வில் அறிவுக்கு மட்டும்தான் போட முடியும். ஹாஃப்லிங்கின் மாணவிகள் 21 பேரும் எழுத்தில் முழு மார்க் வாங்கியிருப்பார்கள். போஸ்டிங் முடிந்ததும் தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்து, ‘இன்று உறுத்திய விஷயம் என்ன?’ என்று டியூட்டர் கேட்டால் அதில் தெரியும் வித்தியாசம் எந்த மார்க்கிலும் தெரியாது. அங்கே சொன்னதை வைத்து யாருக்கும் இன்டர்னல் குறையாது என்ற உறுதி இருந்தால்தான் பிள்ளைகள் பேசுவார்கள்.

பரீட்சைக்கு எதைப் படிக்க வேண்டும்?

தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்ற நான்கு கோட்பாடுகள், ஒவ்வொன்றுக்கும் வார்டில் நீங்களே பார்த்த ஓர் உதாரணத்தோடு. ஐ.சி.என். கோட்பாட்டின் 2021 பதிப்பிலுள்ள நான்கு பகுதிகள்: நோயாளிகள், பணி, தொழில், உலக நலம். இந்திய நர்சிங் கவுன்சிலின் நடத்தைக் கோட்பாடு. மேலே சொன்ன சட்டங்களில் எச்.ஐ.வி. சட்டமும் மனநலச் சட்டமும், அவற்றோடு குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தைக் கட்டாயம் தெரிவிக்கச் சொல்லும் போக்சோவின் 19-வது பிரிவும். உதாரணத்தில் நோயாளியின் பெயரை எழுத வேண்டாம்.